வெள்ளைக் குள்ளன் வெடித்த கூட்டம்

எழுபதுகளின் நடுவில் நான் காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். வீடு கூரத்தில். காலையில் பஸ் ஏறி வருவேன், மாலை மணி அடித்ததும் பஸ் ஏறிப் போய்விடுவேன். காஞ்சிபுரத்தில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அடுத்தவர் விஷயம் நமக்கெதற்கு என்று அதைப் பெருமையாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நான் பட்ட பாட்டுக்கெல்லாம் அந்தப் பெருமைதான் காரணம்.

ஊரில் ஓர் இலக்கிய மன்றம் இருந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, நெசவாளர் சங்கக் கட்டடத்தின் மாடியில் கூட்டம் நடக்கும். ஒரு மாதம் கற்பா வீரமா என்று பேசுவார்கள். அடுத்த மாதம் வீரமா கொடையா. அதற்கடுத்த மாதம் கொடையா கற்பா. மொத்தம் இருபது பேர் வருவார்கள். அதில் எட்டுப் பேர் மேடையில் உட்கார்ந்திருப்பார்கள்.

மன்றத்தின் செயலாளர் பக்கத்து ஆண்கள் பள்ளியின் தமிழ்ப் புலவர். நல்ல மனிதர். ஆனால் தூய தமிழைத் தவிர வேறெதுவும் வாயில் வராது. ஒரு நாள் பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்று, "பயணச்சீட்டு ஒன்று நல்குக" என்றார். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "நல்குகாவா? இந்தப் பஸ்ஸு அங்க போவாதுபா" என்றார்.

அந்தப் புலவர் ஒரு மதியம் எங்கள் பள்ளிக்கு வந்தார். காலம் மாறிவிட்டது, தமிழில் அறிவியல் பேச வேண்டும் என்று மேலிருந்து கீழ்வரை எல்லோரும் சொல்கிறார்கள், மன்றமும் பின்தங்கிவிடக் கூடாது என்றார். "தாங்கள் விண்ணியல் குறித்து ஓர் உரை நிகழ்த்த வேண்டும், அம்மையீர்."

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அதுவரை யாரும் என்னை அம்மையீர் என்று கூப்பிட்டதில்லை. உடனே ஒப்புக்கொண்டேன்.

எதைப் பேசுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கல்லூரி நூலகத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்த ஒரு விஷயம் பல நாட்களாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வானத்தில் இரண்டு நட்சத்திரங்கள் ஜோடியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்று எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போனது. சூரியனின் எடை, பூமியின் அளவு. அதன் பெயர் வெள்ளைக் குள்ளன். அது பக்கத்தில் இருக்கும் துணை நட்சத்திரத்திடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை இழுத்துத் தன்மேல் சேர்த்துக்கொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் அதனால் தாங்க முடியாது. வெடித்துச் சிதறி, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அதுவரை அதைச் சுற்றிவந்த துணை, பிடித்துவைக்க ஆள் இல்லாததால், சுற்றிய வேகத்திலேயே நேராக விண்வெளிக்குள் பறந்துவிடும். அப்படி ஒன்றை அப்போது யாரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை. வெடித்தால் இப்படித்தான் ஆகும் என்று கணக்குப் போட்டவர்கள் சொன்னார்கள். வேறு சில நட்சத்திரங்கள் தங்கள் கூட்டத்தை விட்டு அசுர வேகத்தில் ஓடுவதை மட்டும் பார்த்திருந்தார்கள்.

உரையை எழுதிப் புலவரிடம் கொடுத்தேன். தலைப்பு: 'வெடிக்கும் வெள்ளைக் குள்ளன், ஓடும் துணை விண்மீன்: ஓர் அறிவியல் விளக்கம்.' அவர் சிவப்பு மையோடு உட்கார்ந்தார்.

"எல்லா விண்மீன்களும் ஓடிக்கொண்டே இருப்பதாகத் தாங்களே மூன்றாம் பக்கத்தில் எழுதியுள்ளீர். இது மட்டும் தனியாக என்ன ஓடுகிறது?"

"இது இருந்த இடத்துக்குத் திரும்பியே வராத மாதிரி ஓடுது சார்."

"அப்படியெனில் ஓடும் அல்ல. ஓடிப்போன."

திருத்தினார். அடுத்து 'துணை' என்ற சொல்லில் பேனா நின்றது.

"குள்ளன் ஆண்பால். ஆகவே உடனிருப்பது துணைவி."

"நட்சத்திரத்துக்கு ஆண் பெண் எல்லாம் கிடையாது சார். அது அஃறிணை."

"அஃறிணைக்குள் குள்ளன் எங்ஙனம் நுழைந்தான்?"

நான்கு வருஷம் படித்த இயற்பியல் ஒரு 'ன்' விகுதியிடம் தோற்றுப்போனது. துணைவி என்றே இருக்கட்டும் என்றேன்.

தாளை பேனர் எழுதும் பாயிடம் கொடுத்தார்கள். பாய் சினிமாக் கொட்டகைகளுக்கு எழுதுகிறவர். துணியோ ஆறடி. அவருக்குக் கொடுத்த வாசகமோ பன்னிரண்டடி. பாய் தன் தொழிலறிவைக் கொண்டு அதைச் சுருக்கினார். வியாழக்கிழமை காலை பஸ் நிலையத்தில் இறங்கியதும் நான் பார்த்தது இதுதான்:

'வெள்ளைக் குள்ளன் வெடித்தான்! துணைவி ஓடிப்போனாள்!! தலைமை: வார்டு கவுன்சிலர் அவர்கள்.'

இரண்டு பக்கமும் தீ ஜுவாலை வரைந்திருந்தார். அறிவியலும் விண்மீனும் இடமில்லாமல் போய்விட்டன. என்னுடைய பெயர் அடியில், கடலை மிட்டாய் அளவில் இருந்தது.

எனக்கு எழுத்து கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியதே தவிர வேறொன்றும் உறைக்கவில்லை. பள்ளிக்குப் போனதும் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"உனக்கு அந்தக் கவுன்சிலர் மேல இன்னா கோவம்?"

"எனக்கா? நான் அவரப் பாத்ததுகூட இல்லியே மேடம்."

"பாத்ததில்லையா?" அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஆளு இவ்ளோதான் இருப்பாரு." கையை மேஜை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே காட்டினார். "வெள்ளை சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, வெள்ளைச் செருப்பு. போன மாசம் அவரு பொண்டாட்டி வீட்ட வுட்டு மாகறல்ல இருக்கிற அம்மா வீட்டுக்குப் போயிட்டா. ஊரே பேசிக்கினு இருக்குது. அவரு மட்டும் உடம்பு சரியில்ல, ஓய்வுக்குப் போயிருக்கான்னு சொல்லிக்கினு திரியறாரு. நீ போயி அவரையே தலைமைக்கி உக்கார வெச்சி..."

மேற்கொண்டு அவரால் பேச முடியவில்லை. கோபத்தில் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் ஆண்கள் பள்ளிக்கு ஓடினேன். கூட்டத்தை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தலைமையையாவது மாற்றுங்கள் என்று புலவரிடம் கெஞ்சினேன். அவருக்கும் அப்போதுதான் விஷயம் தெரியும் போலிருக்கிறது. முகம் வெளுத்துவிட்டது. ஆனால் தலைமையை மாற்றவே முடியாது என்றார். நாற்காலி, மைக்செட், ஜமக்காளம் எல்லாம் கவுன்சிலரின் வாடகைக் கடையிலிருந்துதான் வருகின்றன. மன்றம் தொடங்கிய நாள் முதல் கற்பானாலும் கொடையானாலும் அவர்தான் தலைமை.

புலவரே போய்க் கவுன்சிலரைப் பார்த்து, கூட்டத்தைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அவர் மறுத்துவிட்டாராம். தள்ளிவைத்தால் பயந்துவிட்டதாக ஊர் பேசும், பயப்பட இதில் என்ன இருக்கிறது, குள்ளனைப் பற்றிய கூட்டத்துக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டபோது, புலவர் சம்பந்தமே இல்லை என்று மூன்று முறை சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மாடிப்படியிலேயே கூட்டம். உள்ளே நாற்காலிகள் போதாமல் ஜன்னல் விளிம்பிலெல்லாம் ஆட்கள். தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள், ஏனாத்தூரிலிருந்து சைக்கிளில் வந்தவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த பெண்கள். பாதிப் பேர் ஏதோ நடிகை ஓடிப்போன விஷயம் என்று நினைத்து வந்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. மீதிப் பேர் சரியாகத்தான் நினைத்து வந்திருந்தார்கள்.

கவுன்சிலர் வந்தார். அந்தச் சூழ்நிலையில் வேறு நிறத்தில் சட்டை போட்டிருக்கலாம். போடவில்லை. மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கச் சொன்னார். இறக்கினார்கள். இன்னும் இறக்கச் சொன்னார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த யாரோ இருமினார்கள்.

தலைமையுரை இருபது நிமிடம் நடந்தது. விண்மீன்களுக்கும் வார்டுக்கும் உள்ள உறவைச் சொன்னார். வெள்ளை என்பது தூய்மையின் நிறம் என்றார். உருவத்தில் சிறியவை ஆற்றலில் பெரியவை என்றார். முடிவில், "இந்த மேடையில் இருந்துகொண்டு நான் உறுதி கூறுகிறேன். நம்முடைய வார்டில் எந்தக் காலத்திலும், எந்தக் குள்ளனும் வெடிக்க அனுமதிக்கப்பட மாட்டான்" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

நான் எழுந்தேன். யார் முகத்தையும் பார்க்காமல் தாளைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன்.

"இந்த வெள்ளைக் குள்ளனுக்குச் சொந்தமாக எரிபொருள் எதுவும் கிடையாது."

"கரீட்டு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பக்கத்தில் இருக்கும் துணைவியிடமிருந்துதான் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்கிறான்."

"எல்லா வூட்லயும் அதாம்மா நடக்குது!" இது பெண்கள் பக்கத்திலிருந்து. ஹால் அதிர்ந்தது.

அங்கேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய விஷயத்தை, இத்தனை பேர் ஒரே இடத்தில் கேட்கக் கிடைத்திருக்கிறார்கள். ஒருவராவது வானத்தை நினைத்துக் கேட்க மாட்டாரா? தாளை மடித்து வைத்துவிட்டுச் சொந்த வார்த்தையில் சொல்லத் தொடங்கினேன். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், ஒரு கரண்டி வெள்ளைக் குள்ளனை நிறுத்தால் எத்தனை லாரிகள் வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிரித்தார்கள். கவுன்சிலரும் சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் சிரிப்பில் வாய் மட்டும்தான் இருந்தது. கை, துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது.

பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அரக்கு நிறச் சேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். என் கையையும் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் அவளுக்காகவே பேசினேன்.

கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, ஓடிப்போன துணைவி திரும்பி வருவாளா என்று கேட்டார். வரமாட்டாள் என்றேன். விசில் பறந்தது. அப்போது அந்தப் பெண் எழுந்து நின்றாள். நின்றதும் ஹால் முழுக்க அடங்கிப்போனது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. கூட்டத்துக்கு ஒழுங்கு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

"அது வெடிக்கசொல்ல இது பக்கத்துலதான இருக்குது? எரிஞ்சி போயிடாதா?" என்று கேட்டாள்.

"மேல இருக்கிறது கொஞ்சம் உரிஞ்சிடும்மா. நல்லா அடி வாங்கும். ஆனா உள்ள இருக்கிறது அப்படியே நட்சத்திரமாத்தான் இருக்கும்."

"வெளிச்சம்?"

"அது அதோட சொந்த வெளிச்சம். யாருகிட்டயும் வாங்கினது இல்ல."

"எங்க போவுது?"

"எங்கயும் போகணும்னு போகல. போய்க்கிட்டே இருக்கும்."

தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். நான் மேடைப் பக்கம் திரும்பினேன். கவுன்சிலரின் நாற்காலி காலியாக இருந்தது. புலவர் என் காதருகே குனிந்து, தன் வாழ்நாளில் முதல்முறையாகப் பேச்சுத் தமிழில், "டீச்சர், அதுதான் அவரு சம்சாரம்" என்றார்.

பத்து நாள் கழித்து கல்வி அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. மேற்படி ஆசிரியை பொதுமேடையில் ஒரு மக்கள் பிரதிநிதியைக் குள்ளன் என்று குறிப்பிட்டதாகவும், அவர் வெடித்துவிட்டதாகப் பொய்ச்செய்தி பரப்பியதாகவும் புகார் வந்திருப்பதால், ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். நான் நட்சத்திரங்களின் பிறப்பிலிருந்து தொடங்கி ஒன்பது பக்கம் எழுதி, படமும் வரைந்து அனுப்பினேன்.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். என் படத்தை விரித்துவைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

"இந்தச் சம்பவம் எங்க நடந்துது?"

"வேற பால்வெளியில கூட நடந்திருக்கலாம் சார். ரொம்ப தூரம்."

"செங்கல்பட்டு மாவட்டத்துல இல்லையே?"

"இல்ல சார்."

"எழுத்துல குடுக்க முடியுமா?"

கொடுத்தேன். இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. சம்பந்தப்பட்ட குள்ளன் மாவட்ட எல்லைக்கு வெளியே வசிப்பதாலும், சம்பவம் ஆசிரியை பணியில் சேர்வதற்கு முன்பே நடந்திருக்கக்கூடும் என்பதாலும், மேல் நடவடிக்கை தேவையில்லை என்று முடித்திருந்தார்கள். தலைமையாசிரியை அதை ஆசிரியர் அறையில் உரக்கப் படித்தார். இம்முறை சிரிப்பை அடக்கவில்லை.

நான் மட்டும் சிரிக்கும் நிலையில் இல்லை. ஒருத்தியின் துக்கத்தை ஊரின் நடுவே கட்டித் தொங்கவிட்டுவிட்டேனே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. அவளைப் போய்ப் பார்க்கவும் தைரியம் இல்லை.

அவளே வந்தாள். ஒரு மதியம் பள்ளி வாசலில் நின்றிருந்தாள். பையில் மாகறல் கொய்யாப்பழம். நான் வாய் திறக்கும் முன்பே கையமர்த்தினாள்.

"மன்னிப்பெல்லாம் கேக்காதீங்கம்மா. நல்லாத்தான் சொன்னீங்க. ஒரு எடத்துல மட்டும் தப்பு. அத்தச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"என்ன தப்பு?"

"அவரு வெடிக்கலைம்மா. வெடிச்சிருந்தாத்தான் நல்லா இருந்திருக்குமே. பன்னெண்டு வருசமா எங்கூடப் பேசவே இல்ல. உரை நிகழ்த்துவாரு. சோறு கொழைஞ்சி போச்சின்னா, 'இந்த இல்லத்தில் அரிசியின் நிலை கவலைக்கிடமாக உள்ளது' அப்டின்னுவாரு. எனக்கு ஜொரம்னா, 'விரைவில் நலம்பெற விழைகிறேன்'னுட்டு வெளிய பூடுவாரு. ஒரு நாளு எதிர்ல ஒக்காந்து, 'இன்னாடி, எப்பிடி இருக்கிற?'ன்னு கேட்டதில்ல. அன்னிக்கி அடுப்பாண்ட நின்னுக்கினு இருந்தேன். 'பெரியோர்களே, தாய்மார்களே'ன்னு ஒத்திகை பாத்துக்கினு இருந்தாரு. நான்தான் தாய்மாருங்க. பையை எடுத்துக்கினு கெளம்பிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். அம்மா வீட்டுக் கொட்டகையில் பட்டு நூல் முறுக்குவதாகவும், தெருப் பெண்கள் நாலு பேர் சேர்ந்துகொண்டதாகவும் சொன்னாள். "வேல செஞ்சிக்கினே பேசிக்கினு இருக்கிறோம்மா. காது நெறைய பேச்சு."

நானாக இருந்தால் கதையை இங்கே முடித்திருப்பேன். வெடிக்காத குள்ளன் அப்படி விடவில்லை.

கவுன்சிலர் மாகறலுக்குப் போனார். முதல் முறை ஒரு தூதுக்குழுவோடு, மாலையோடு போனார். அவள் வீட்டு வாசலில் நின்று கால் மணி நேரம் பேசினாராம். தெரு கூடிவிட்டது. அவள் உள்ளேயிருந்து, "மைக்கு எடுத்தாரலையா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாளாம். இரண்டாம் முறை புலவரை மட்டும் அழைத்துப்போனார். அது இன்னும் மோசமாகிவிட்டது. மூன்றாம் முறை தனியாகப் போயிருக்கிறார். ரொம்ப நேரம் வாசலில் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் தண்ணீர் கேட்டாராம். வெறும் தண்ணீர். 'தண்ணி குடு' என்றாராம். அவள் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மாகறலிலேயே போய்த் தங்கிவிட்டார் என்று தலைமையாசிரியை சொன்னபோது நான் நம்பவில்லை. ஓடிப்போன துணைவியின் பின்னால் குள்ளன் போனதாக எந்த விஞ்ஞானியும் எழுதியதில்லை. மன்றத்துக்கு நாற்காலியும் இல்லை, தலைமையும் இல்லை. சில மாதம் ஜமக்காளத்தில் உட்கார்ந்து வீரமா கொடையா என்று பேசிப் பார்த்தார்கள். பிறகு அதுவும் நின்றது.

இரண்டு வருஷம் கழித்து உத்திரமேரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போக மதிய பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரத்தில் கட்டம் போட்ட நீலச் சட்டையில் ஒரு சின்ன உருவம். மடியில் பட்டு நூல் மூட்டை. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார்.

"உக்காருங்க டீச்சர்."

"பரவாயில்லங்க, நீங்க..."

"அட உக்காருங்கம்மா. எனக்கு மாகறல்தான், இப்ப வந்துடும்."

உட்கார்ந்தேன். கம்பியைப் பிடித்துக்கொள்ள அவருக்குக் கை எட்டவில்லை. சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கொட்டாயில பொம்பளைங்க உங்களக் கூப்பிட்டு ஒருநாள் பேசவெக்கணும்றாங்க" என்றார். "வூட்டுக்காரிதான் சொல்லிச்சு. வர்றீங்களா?"

"வரேனே."

"ஆனா நட்சத்திரம் வேணாங்க."

"சரி. வேற எதைப் பத்திப் பேசட்டும்?"

அவர் தீவிரமாக யோசித்தார். நெற்றி சுருங்கியது. பிறகு முகம் தெளிந்தது.

"சந்திரனப் பத்திச் சொல்லுங்களேன். அது பாட்டுக்கு நம்மளச் சுத்திக்கினு இருக்குது. எங்கயும் போவாது, பாருங்க."

சந்திரனும் வருஷத்துக்குக் கொஞ்சமாகப் பூமியை விட்டு விலகிப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை. பேசுகிறேன் என்றேன். மாகறல் வந்தது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் இறங்கிப் போனார்.